கடற்காவலரின் மகள் பிறந்த ஊர் எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 68. என் தாய்வழிப் பாட்டனாரின் தாயார் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. “கோஸ்ட் கார்டு கேப்டனின் மகள், கப்பலில் வந்தவர்” என்று என் தாயார் அவரைப் பற்றிச் சொல்வார். அவருடைய கணவர் பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். என் பாட்டனார் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டதிலிருந்து எங்கள் வீட்டில் தமிழே பேச்சுமொழி. என் கைவசம் நான்கு சான்றுகள் உள்ளன. முதலாவது குடும்ப பைபிள். அதன் முன்தாளில் கொள்ளுப்பாட்டி 1857 நவம்பரில் பிறந்ததாகவும், 1881 ஜனவரியில் மதராசில் திருமணம் செய்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறது. ஏழு பிள்ளைகளின் பிறந்த தேதிகளும் உள்ளன. இரண்டாவது, வேப்பேரியில் உள்ள ஓர் ஆலயத்தின் திருமணப் பதிவேட்டு நகல். அதில் அவர் வயது 21 என்றும், தந்தையின் பெயரும் உள்ளன. மூன்றாவது, அவருடைய கல்லறைக் கல்லின் புகைப்படம். “டெவன்ஷயரைச் சேர்ந்தவர்” என்று அதில் பொறித்திருக்கிறார்கள். நான்காவது, அவருடைய தம்பி எழுதிய கடிதத்தின் ஒரே ஒரு தாள். “அயர்லாந்தில் நாம் பிறந்த வீட்டை இப்போது பூட்டி வைத்திருக்கிறார்கள்” என்று அதில் ஒரு வரி வருகிறது. இவற்றில் எதை நம்புவது? என் பேரனோ, கடலோரக் காவல்படை தொடங்கியதே 1977இல்தான், ஆகவே முழுக்கதையும் கட்டுக்கதை என்கிறான்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: அம்மா, உங்கள் பேரன் சொல்லும் ஆண்டு சரியானது, அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவுதான் தவறு. நேப்பியர் பாலத்துக்கு அருகே கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியக் கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரியில் இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978இல் தனிச் சட்டத்தின் மூலம் முறையான படையாயிற்று. உங்கள் கொள்ளுப்பாட்டியின் தந்தை வேலை பார்த்தது பிரிட்டனின் கோஸ்ட் கார்டில். அது 1822இல் ஏற்பட்டது. பிரான்சுப் பக்கமிருந்து பிராந்தி, புகையிலை, தேயிலை, பட்டு ஆகியவற்றைத் தீர்வை கட்டாமல் இரவோடிரவாகக் கரையிறக்கிய கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்காக, அதுவரை தனித்தனியே இயங்கிய கரையோரக் குதிரைக் காவலர்கள், தீர்வைப் படகுகள், நீர்க்காவல் பிரிவு ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி உருவாக்கிய அமைப்பு அது. முதலில் சுங்கத்துறையின் கீழ் இருந்த அதனை, 1856இல் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியிடம் ஒப்படைத்தார்கள். அதாவது, உங்கள் கொள்ளுப்பாட்டி பிறப்பதற்கு ஓராண்டு முன்பு. இந்த ஓராண்டு வேறுபாடு தேடலுக்கு முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

‘கேப்டன்’ என்ற சொல்லை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். குடும்பக் கதைகளில் தலைமுறைக்கு ஒருமுறை பதவி உயர்வு தவறாமல் கிடைத்துவிடும். நாலாம் தலைமுறையில் கணக்கப்பிள்ளை கலெக்டராகிவிடுவார். கோஸ்ட் கார்டில் கரையோர நிலையங்களில் குடும்பத்தோடு குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ‘போட்மேன்’ என்னும் கீழ்நிலைக் காவலர்கள். அதற்கு மேல் ‘கமிஷன்டு போட்மேன்’, ‘சீஃப் போட்மேன்’, ‘சீஃப் ஆபீசர்’ எனப் படிகள் உண்டு. பல நிலையங்களை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் மட்டுமே கடற்படையிலிருந்து வந்த லெப்டினன்ட், கமாண்டர் நிலையினர். ரயில்வே ஃபிட்டரை மணந்த பெண்ணின் தந்தை போட்மேனாகவோ சீஃப் போட்மேனாகவோ இருந்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். அதில் குறைவு ஒன்றுமில்லை. இரவெல்லாம் வாளும் கைத்துப்பாக்கியுமாகக் கடற்கரைப் பாறைகளின் மேல் ரோந்து நடப்பதும், கப்பல் உடைந்தால் ராக்கெட் மூலம் கயிறு எறிந்து ஆட்களைக் கரைசேர்ப்பதும் அவர்கள் வேலையாக இருந்தன. நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. உண்மையான கேப்டனைவிடச் சாதாரண போட்மேனைப் பற்றி எழுதி வைத்த தாள்கள், நீங்கள் கேட்கும் கேள்விக்கு அதிகம் பயன்படும்.

இனி, டெவனா (இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர மாவட்டமான டெவன்ஷயரின் சுருக்கப்பெயர்) அயர்லாந்தா என்ற கேள்விக்கு வருகிறேன். கோஸ்ட் கார்டில் சேர்ந்தவரை அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் நியமிப்பதில்லை என்பது விதி. ஓரிடத்தில் நெடுங்காலம் விட்டுவைப்பதும் இல்லை. காவலரும் கடத்தல்காரரும் ஒரே ஊர்க்காரர்களாகவும், மாமன் மச்சான்களாகவும் இருந்துவிட்டால் சரக்குக்குத் தடை ஏது? அதனால் டெவன்காரர் அயர்லாந்துக் கரைக்கும், அயர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கும் போவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டை கட்டி, மனைவி மக்களோடு அடுத்த நிலையத்துக்குக் குடிபெயர்வார்கள். ஊரைவிட்டு விலகி, கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கட்டிய காவலர் குடியிருப்புகளில் வசிப்பார்கள். உள்ளூர் மக்களுக்கு இவர்கள் மீது அன்பு இருந்ததென்று சொல்ல முடியாது. எனவே ஒரு கடற்காவலரின் மகள் ‘எந்த ஊர்’ என்று கேட்டால், அப்பாவின் ஊர், பிறந்த ஊர், வளர்ந்த ஊர், கடைசியாகப் புறப்பட்டு வந்த ஊர் என நான்கு விடைகள் இருக்கலாம். நான்கும் உண்மையாகவும் இருக்கலாம். கல்லறைக் கல்லில் எழுதச் சொன்னவர்கள் பிள்ளைகள். அம்மா தன்னை ‘டெவன்காரி’ என்று சொல்லிக்கொண்டதை அவர்கள் கேட்டிருப்பார்கள். தம்பியின் கடிதமோ பிறந்த வீட்டை நினைத்து எழுதியது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அயர்லாந்தில் பிறந்தார் என்றால், பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை முதல் தேதி தொடங்கியது. அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் முறை 1864 ஜனவரியில்தான் வந்தது. 1857க்கு எஞ்சுவது ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே. கோஸ்ட் கார்டு குடும்பங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவை. அந்தத் திருச்சபையின் அயர்லாந்துப் பதிவேடுகளில் பெரும்பகுதி டப்ளின் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரில் அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தபோது அவையும் சாம்பலாயின. முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் பெரும்பாலும் அந்தத் தீயில் போயின. 1861, 1871ஆம் ஆண்டுத் தாள்களை அரசே முன்னமே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுத் தாள்களை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டு ஆண்டுகளுடையவை மட்டுமே. அப்போது உங்கள் கொள்ளுப்பாட்டி பெரம்பூரில் இருந்தார்.

ஆகவே அயர்லாந்தில் தேடத் தொடங்காமல் இங்கிலாந்தில் தொடங்குங்கள். இங்கிலாந்துக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. 1851 முதல் ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது என்ன, தொழில் என்ன, எந்த ஊரில் பிறந்தவர் என்று வீடு வீடாக எழுதியிருக்கிறார்கள். 1857இல் பிறந்து 1881 ஜனவரியில் மதராசில் மணமானவர் இரண்டே இரண்டு கணக்கெடுப்புகளில்தான் அகப்படுவார்: 1861 ஏப்ரலில் மூன்று வயதுக் குழந்தையாக; 1871 ஏப்ரலில் 13 வயதுச் சிறுமியாக. இவ்விரண்டு தேதிகளிலும் குடும்பம் அயர்லாந்தில் இருந்திருந்தால் அவர் எதிலும் இருக்கமாட்டார். ஏதேனும் ஒன்றில் டெவனுக்கோ வேறு ஆங்கிலக் கரைக்கோ திரும்பியிருந்தால் குடும்பம் முழுவதும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். தந்தையின் பெயர் உங்களிடம் இருக்கிறது. தந்தையின் பெயர், ‘கோஸ்ட் கார்டு’ என்ற தொழில், உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது.

அந்தப் பக்கம் கிடைத்ததும், உங்கள் கொள்ளுப்பாட்டியின் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். உடன்பிறந்தோர் ஒவ்வொருவரும் பிறந்த ஊரையும் வயதையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மூத்தவன் ஓர் ஊர், அடுத்தவள் வேறோர் ஊர், கைக்குழந்தை மூன்றாவது ஊர் என்று வந்தால், அதுதான் தந்தையின் இடமாற்ற வரலாறு. தனியே எழுதிய பணிக்குறிப்பு தொலைந்துபோயிருந்தாலும், பிள்ளைகள் அதனைத் தங்கள் பிறப்பிலேயே சுமந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே ஏ.டி.எம். (ADM, அட்மிரால்டி என்பதன் சுருக்கம்) 175 என்ற எண்ணின் கீழ் கோஸ்ட் கார்டு பணிப் பதிவேடுகள் உள்ளன. எந்த நிலையத்தில் யார் என்ன பதவியில் இருந்தார், எங்கிருந்து வந்தார், எங்கே மாற்றலாகிப் போனார் என்பவற்றை நிலைய வாரியாக அவற்றில் எழுதியிருப்பார்கள். 1856ஆம் ஆண்டு முக்கியம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அதற்குப் பின்னர் கோஸ்ட் கார்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையில் பணியாற்றியவர்கள். எனவே அவர்களுக்குக் கடற்படைத் தாள்களும் இருக்கும். 1853 முதல் 1872 வரை தொடர்பணி ஒப்பந்தம் செய்துகொண்ட மாலுமிகளின் தாள்கள் ஏ.டி.எம். 139 என்ற தொகுப்பில் உள்ளன. பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம் வரை அவற்றில் காணலாம். உங்கள் முப்பாட்டனாரின் கண் என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

திருமணப் பதிவில் வயது 21 என்று இருப்பது கண்டு குழம்ப வேண்டாம். பைபிள் கணக்குப்படி அப்போது அவருக்கு 23 நிறைந்துவிட்டது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் மைனர். அவருக்குத் தந்தையின் சம்மதம் வேண்டும்.  எனவே அந்த 21 என்ற எண், துல்லியமான வயதைச் சொல்வதைவிட, ‘சம்மதம் கேட்கத் தேவையில்லாத வயது’ என்பதைச் சொல்லவே எழுதியதாக இருக்கலாம். நான் பைபிள் தேதியையே ஏற்பேன். ஒரே ஒரு நிபந்தனை: அந்தத் தாளில் எழுத்தும் மையும் பிள்ளைக்குப் பிள்ளை மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால் அவ்வப்போது எழுதியது. ஒரே கையெழுத்தில் ஒரே மையில் ஓடினால் பிற்காலத்தில் நினைவிலிருந்து மொத்தமாக எழுதியது. பைபிளின் தலைப்புத் தாளில் அச்சான ஆண்டையும் பாருங்கள். 1857க்குப் பிந்திய அச்சாக இருந்தால், குறைந்தபட்சம் பிறந்த தேதி பிறகு எழுதியதுதான்.

கேள்வி: ஐயா, தாங்கள் எழுதியபடியே என் மருமகளின் உதவியோடு தேடினோம். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடும்பம் அகப்பட்டது. டெவன் கரையில் ஒரு கோஸ்ட் கார்டு நிலையம். தந்தை கமிஷன்டு போட்மேன், டெவனில் பிறந்தவர். மூத்த அண்ணன் டெவனில் பிறந்திருக்கிறார். கொள்ளுப்பாட்டிக்கும் தம்பிக்கும் பிறந்த ஊர் “அயர்லாந்து” என்று ஒற்றைச் சொல் மட்டுமே உள்ளது. கடைசித் தங்கை கென்டில் பிறந்தவர். பைபிள் தாளில் மை மாறி மாறித்தான் இருக்கிறது. மூத்த மகன் பிறந்த தேதிக்குப் பக்கத்தில், 1881 நவம்பர் என்பதோடு “பெரும்புயல் இரவு” என்றும் எழுதியிருக்கிறது. அயர்லாந்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அவர் எதற்காக, எப்படி மதராசுக்கு வந்தார்?
– அதே வாசகி, பெரம்பூர்.

பதில்: உங்கள் மருமகளுக்கு என் பாராட்டுகள். ஆங்கிலேய எழுத்தர்கள் அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு ஊர்ப்பெயர் கேட்காமல் நாட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவது அந்நாளில் சாதாரணமாக நடந்தது. அதனால்தான் நான் இப்போது கொள்ளுப்பாட்டியை விட்டுவிட்டுத் தம்பியைத் தேடச் சொல்கிறேன். கடற்காவலரின் மகன்கள் கடற்படையில் சேர்வது வழக்கமாக இருந்தது. 1873 முதல் சேர்ந்த மாலுமிகளின் பணிக்குறிப்புகள் கியூவில் ஏ.டி.எம். 188 என்ற தொகுப்பில் உள்ளன. சிறுவனாகச் சேர்ந்தவனுக்கும் பிறந்த தேதியோடு பிறந்த ஊரையும் எழுதியிருப்பார்கள். கணக்கெடுப்பு எழுத்தருக்கு ‘அயர்லாந்து’ போதுமாயிருந்தது. கடற்படைக்கு ஊர் வேண்டியிருந்தது. அக்காளும் தம்பியும் அடுத்தடுத்துப் பிறந்தவர்கள் என்றால் ஒரே நிலையத்தில் பிறந்திருக்கும் வாய்ப்பு அதிகம், ஆனாலும் ஏ.டி.எம். 175 பதிவேட்டில் 1857 நவம்பரில் தந்தை எந்த நிலையத்தில் இருந்தார் என்பதை ஒத்துப் பார்த்த பிறகே ஊர்ப்பெயரைக் குடும்ப மரத்தில் எழுதுங்கள். ஊர் தெரிந்தபின், அந்த ஊர்த் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு 1922 தீயில் போனதா, தப்பியதா என்று விசாரிக்கலாம். சில ஊர்க் குருமார்கள் பதிவேட்டை டப்ளினுக்கு அனுப்பாமல் ஆலயத்திலேயே வைத்திருந்ததால் அவை பிழைத்தன.

பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் வரவழைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் டெவனில் பிறந்திருப்பதால் திருமணமும் அங்கேயே நடந்திருக்கலாம். அந்நாளைய இங்கிலாந்துத் திருமணச் சான்றிதழில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாய்மாரின் பெயர் இராது. பெண்கள் வழியில் தேடுகிறவர்கள் மீண்டும் மீண்டும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. உங்கள் கொள்ளுப்பாட்டி தன் வாழ்நாள் முழுவதும் ஒருவருடைய மகளாக, ஒருவருடைய அக்காளாக, ஒருவருடைய மனைவியாக, ஏழு பேருக்குத் தாயாக மட்டுமே தாளில் வருகிறார். அவருக்கென்று தனியே ஒரு பக்கத்தை எவரும் திறக்கவில்லை. ஆகவே அந்தப் பத்துப் பேருடைய பக்கங்களையும் புரட்டித்தான் அவரை எடுக்க வேண்டும்.

மதராசுக்கு எப்படி வந்தார் என்பதற்குக் கப்பல் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிரிட்டனிலிருந்து வெளிநாடு சென்ற பயணிகளின் அரசுப் பட்டியல்கள் 1890 முதல்தான் உள்ளன. அதற்கு முன்பு, மதராஸ் செய்தித்தாள்கள் கப்பல் வரவுகளை வெளியிட்டபோது பயணிகளின் பெயரையும் போடுவது உண்டு. 1868இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மெயில்’ அவற்றில் ஒன்று. ஆனால் மேல்வகுப்புப் பயணிகளுக்கே அந்த மரியாதை. மற்றவர்கள் ‘ஒரு செவிலி’, ‘ஒரு பணிப்பெண்’ என்று பெயரில்லாமலே இறங்கியிருக்கிறார்கள். எப்படி இறங்கினார் என்பதை மட்டும் ஓரளவு சொல்லலாம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்துவிட்டதால் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் தொல்லை அவருக்கு இருந்திராது. ஆனால் 1870களின் இறுதியில் மதராசுக்குத் துறைமுகம் முழுமையடையவில்லை. 1875இல் அடிக்கல் நாட்டிய வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பல் நடுக்கடலில் நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். கப்பல் உடைந்த இடத்தில் படகிறக்கும் மனிதரின் மகளுக்கு அந்த அலை புதிதல்ல என்று நினைத்துக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.

“பெரும்புயல் இரவு” என்ற குறிப்பைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். 1881 நவம்பரில் அடித்த புயலில்தான், கட்டி முடியும் நிலையில் இருந்த மதராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இடிந்து சிதறின. பின்னர் அந்த வேலையை வேறு திட்டப்படி மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் பைபிளில் உள்ள தேதியை வெளியுலக நிகழ்ச்சியோடு ஒத்துப் பார்க்க இதைவிட நல்ல சாட்சி அகப்படாது. அந்தத் தாளை அவ்வப்போதே எழுதி வந்தார்கள் என்பதற்கும் இது துணைச்சான்று. அதனால் பிறந்த தேதிக்கும் என் நம்பிக்கை கூடிவிட்டது.

அவர் ஏன் வந்தார் என்பதற்கு மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஏதேனும் ஒரு குடும்பத்தின் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணாக வந்திருக்கலாம். பள்ளி ஆசிரியையாக வந்திருக்கலாம். கணவராகப் போகிறவரை இங்கிலாந்திலேயே அறிந்திருந்து, அவர் வேலையில் அமர்ந்தபின் அழைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து இட்டவர்களைப் பாருங்கள். நகலில் விட்டுப்போயிருந்தால், ஆலயத்தின் ஆயருக்கு எழுதி மூலப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வேப்பேரியில் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்திருந்த பழைய ஆலயங்கள் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தில் இருக்கின்றன. ஆலய அலுவலகத்தில் பெயர், ஆண்டு, உறவு ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் தேடித் தருவார்கள். பண்டிகைக் காலத்தில் போகாதீர்கள். சாட்சிகளில் ஒருவர் மணமகளின் எஜமானராகவோ, பள்ளியின் தலைவியாகவோ இருப்பது உண்டு. அந்தப் பெயரை அவ்வாண்டின் மதராஸ் அல்மனாக்கில் தேடிப் பாருங்கள். ‘ஆசைலம் பிரஸ் அல்மனாக்’ என்று ஆண்டுதோறும் வந்த அந்தக் கனத்த புத்தகம் அலுவலகம் அலுவலகமாக, ஊர் ஊராக ஐரோப்பியர்களின் பெயரை அச்சிட்டது. பழைய பிரதிகளை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கொள்ளுப்பாட்டனார் அதில் இருக்கக்கூடும், கொள்ளுப்பாட்டி இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். 

சென்னை ஆலயங்களின் பதிவேடுகளுக்கு இன்னொரு நகல் லண்டனில் இருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகளை 1698 முதல் குருமார்கள் லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை என்/2 என்ற வரிசையில் உள்ளன. வங்காளம் என்/1, பம்பாய் என்/3. இவற்றின் பெயர்ப்பட்டியலை ‘ஃபேமிலிசர்ச்’ தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் தளத்திலும் கட்டணமின்றித் தேடலாம். படியெடுத்தவர் கைப்பிழை அதில் இருக்கும் என்பதால் மூலமும் படியும் இரண்டும் வேண்டும். ஏழு பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் தந்தையின் அப்போதைய பதவியும் வசிப்பிடமும் இருக்கும். ஃபிட்டர் எப்போது ஃபோர்மன் ஆனார், குடும்பம் எப்போதாவது அரக்கோணத்துக்கோ போத்தனூருக்கோ மாறிப் போனதா என்பது அதில் தெரிந்துவிடும். தந்தைக்குக் கடலோர நிலையங்கள், கணவருக்கு ரயில் நிலையங்கள் என்று அந்த அம்மையாரின் வாழ்க்கை மாற்றல் உத்தரவுகளிலேயே கழிந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம். அடக்கப் பதிவையும் விடாதீர்கள். அதில் வயதோடு இறப்புக்குக் காரணமும் எழுதியிருப்பார்கள். வீடுவாரியான கணக்கெடுப்புத் தாள்களை மட்டும் இங்கே தேட வேண்டாம். இந்தியாவில் எண்ணிக்கைகளை அறிக்கையாக அச்சிட்டார்களே தவிர, வீட்டுத் தாள்களைச் சேமித்து வைக்கவில்லை.

கேள்வி: கடற்காவலரின் மகளைப் பற்றிய பகுதியைப் படித்தேன். அந்த அம்மையார் மசூலாப் படகில் இறங்கியிருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். என் முப்பாட்டனார் அந்தப் படகோட்டிகளில் ஒருவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவருடைய மகள்தான் என் அப்பாவின் அப்பாயி. வெள்ளைக்காரப் படகோட்டிக்கு இத்தனை தாள்கள் இருக்க, எங்கள் படகோட்டிக்கு ஏதாவது இருக்குமா?
– ஒரு வாசகர், ராயபுரம், சென்னை.

பதில்: கண்ணின் நிறம் வரை எழுதிய தாள் இராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து, அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும்படி கட்டிய அந்தப் படகுகளும் அவற்றை ஓட்டியவர்களும் துறைமுக அதிகாரியான மாஸ்டர் அட்டெண்டன்டின் மேற்பார்வையில் இருந்தார்கள். படகு உரிமம், கூலி விகிதம், சரக்கு காணாமற்போன தகராறு ஆகியவை பற்றிய கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அவற்றில் படகோட்டிகள் கூட்டமாக வருவார்கள். தனி ஆளின் பெயர் வருவது, அவர் மீது புகார் எழுந்தபோதும் அவர் உயிரிழந்தபோதும்தான்.

உங்களுக்கு உரிய இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. படகோட்டிக் குடும்பங்கள் தங்கள் உழைப்பால் கட்டியெழுப்பிய ராயப்பர் ஆலயத்தின் பெயரைத்தான் ராயபுரமே சுமந்துகொண்டிருக்கிறது. உங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் என்றால், பங்கு அலுவலகத்தில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன் வடிவில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்று அழைத்தவர் ஏட்டில் ‘பேத்ருஸ்’ ஆகியிருப்பார். சின்னப்பன் ‘பவுலுஸ்’ ஆகவும், அருளப்பன் ‘யோவான்னெஸ்’ ஆகவும் இருப்பார்கள். குடும்பப் பெயர் இல்லாததால் ஒரே ஆண்டில் பத்து பேத்ருஸ் வருவார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவுபவை தந்தையின் பெயரும், ஞானப் பெற்றோரின் பெயர்களும்தான். பெரம்பூர் வாசகிக்குச் சொன்ன அதே முறையில், அப்பாயியின் உடன்பிறந்தோர் அனைவரையும் சேர்த்தே தேடுங்கள்.

அப்பாயி, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் வீட்டுப் பெயர்களையும், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பதையும், வீட்டில் வயதானவர் எவரேனும் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி அனுப்புங்கள். தெருவின் பெயர் கிடைத்துவிட்டால் பத்து பேத்ருஸ் மூன்றாகக் குறைவார்கள்.